முகப்பருவும் மூன்றாவது வாரமும்

கடைசி வரிசையைத் தேடிப் போகும் பிள்ளைகளெல்லாம் பாடத்துக்குப் பயந்து போவதில்லை. சென்ற வருஷம் நமது பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி முன்வரிசையை விட்டுப் பின்னே ஒதுங்கினாள். காரணம் முகப்பரு என்று நாம் அறியவே ஒரு மாதம் சென்றது.

டாக்டர் எழுதிக் கொடுத்தது 0.1 சதவிகித அடாபலீன் ஜெல். பதினெட்டு நாள் தடவியதில் முகம் சிவந்து, தோல் உரிந்து, பருவும் அதிகமாயிற்று. "மருந்தே விஷமாகிவிட்டது, ஸார்" என்றார் தாயார். அதைக் குப்பையில் எறியவிருந்தார்.

இந்த மூன்றாவது வாரத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். வைட்டமின் ஏ வர்க்கத்தைச் சேர்ந்த இம்மருந்து, செத்த தோலணுக்கள் மயிர்த்துவாரங்களை அடைக்காமல் தடுக்கிறது. வெளியே தெரியும் பருவோடு, உள்ளே உருவாகி வரும் பருவையும் அது விடுவதில்லை. ஆகவே ஆரம்பத்தில் முகம் சற்று மோசமாவதுண்டு. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் செல்லும். இரவில் முகம் கழுவி உலர்ந்தபின், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். பருவுக்குப் பரு பொட்டு வைப்பது வீண். பகலில் வெயில் படாமல் காக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது.

நிற்க. இதற்குள் அத்தை ஒருத்தி, கடையில் கேட்டதும் கொடுத்த 'வெளுக்கும் க்ரீம்' ஒன்றோடு வந்துவிட்டாள். ஸ்டீராய்டு கலந்த சரக்கு! சில நாளில் முகம் பளபளக்கும். மாதக்கணக்கில் தடவினாலோ தோல் மெலிந்து, புதுப் பருக்கள் கிளம்பும். குப்பைக்குப் போக வேண்டியது அதுதான் என்றோம்.

தாயார் பெண்ணை மறுபடி டாக்டரிடம் அழைத்துப் போனார். ஒன்று விட்டு ஒரு நாள் தடவச் சொன்னாராம். அரையாண்டுப் பரீட்சைக்குப் பின் ஒரு நாள், கன்னத்தில் இரண்டொரு வடுவோடு, அவள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள்.