உங்களுக்குத் தெரியுமா? புன்னாலைக்கட்டுவனில் இருந்து உலகக் கிண்ணம் வரை

வலைப்பந்தாட்ட உலகின் மிக உயரமான வீராங்கனை என்று பெயர் பெற்றவர் யாழ்ப்பாணத்துப் பெண். புன்னாலைக்கட்டுவன், ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம். உயரம் 208 சென்ரிமீற்றர், அதாவது 6 அடி 10 அங்குலம்.

வலைப்பந்தாட்ட வளையம் தரையில் இருந்து 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும். பந்தைக் கையில் 3 செக்கனுக்கு மேல் வைத்திருக்க முடியாது. 2023 வரை இருந்த விதிப்படி, தடுப்பவர் 0.9 மீற்றர் விலகி நின்றுதான் கையை நீட்ட முடிந்தது. தலைக்கு மேலே பந்தைப் பிடித்து, அங்கிருந்தே எய்யும் தர்ஜினியை மறிப்பது எவருக்கும் பெரும்பாடு. ஆனால் உயரம் பந்தை வளையத்துக்குள் போடாது. குறி தவறாத கை வேண்டும். அதை அவர் பயிற்சியால் சம்பாதித்தார். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற பலம் வாய்ந்த அணிகளின் வீராங்கனைகளையும் முந்தி, அதிக கோல்கள் போட்டவர் அவர்தான்.

2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் இலங்கை ஆசிய சம்பியனானபோது மூன்று முறையும் அணியில் இருந்தார். மூன்றாவது வெற்றியின்போது அவருக்கு வயது 43! மெல்பேர்ணில் கழக அணிக்கும் விளையாடினார்.

சிங்கள ரசிகர்களும் தமிழ் ரசிகர்களும் ஒரே குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட விளையாட்டு வீரர்கள் நம் நாட்டில் மிகச் சிலரே. அவர்களில் தர்ஜினிக்கு முன்வரிசையில் இடம் உண்டு. 2023இல் கேப்டவுன் உலகக் கிண்ணத்தோடு சர்வதேச ஆட்டத்தில் இருந்து ஓய்வு பெற்றார்.