கல்லாவில் அமர்ந்து சாப்பிடலாமா?

வணிகப் பெருமக்களே! நம்மில் பெரும்பாலோர் மதியச் சாப்பாட்டைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே முடித்துக்கொள்கிறோம். ஒரு கையில் சோறு, மறு கையில் பில் புத்தகம், காதில் போன். பிறகு நெஞ்செரிச்சல், வயிற்று உப்புசம் என்று மருந்துக் கடைக்கு ஆள் அனுப்புகிறோம். குற்றம் பல சமயம் சமையலில் இல்லை, நரம்பில் இருக்கிறது.

நம்மைக் கேளாமலே இதயம், இரைப்பை, குடல் முதலியவற்றை நடத்தும் நரம்புகள் இரு வகை. கொடுத்த செக் திரும்பி வந்தது, வாடிக்கையாளரோடு வாக்குவாதம் என்றால் பரிவு நரம்பு மண்டலம் முந்திக்கொள்ளும். இதயம் படபடக்கும், வாய் உலரும், ரத்தம் குடலை விட்டுத் தசைகளுக்கு ஓடும். மனம் அமைதியாக இருந்தால் பாராசிம்பதடிக் எனப்படும் எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் மேலோங்கும். உமிழ்நீர் சுரக்கும், இரைப்பையில் செரிமான நீர் ஊறும், குடல் சீராக அசையும். ஆகவே பதற்றத்தோடு உண்ட சோறு சரியாகச் செரிப்பதில்லை.

இந்த மண்டலத்தில் தலையாயது வேகஸ் நரம்பு. மூளையின் அடியில் தொடங்கிக் கழுத்து வழியே இறங்கி இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் வரை செல்கிறது. தன்போக்கில் விட்டால் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். ஓய்வில் 70, 75 என்று இருப்பது வேகஸ் இழுத்துப் பிடிப்பதால்தான். 1921ஆம் ஆண்டு ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். துடிப்பு குறைந்தது. அந்த இதயத்திலிருந்த திரவத்தை இன்னொரு தவளை இதயத்தில் செலுத்தினார். அதுவும் மெதுவாயிற்று. நரம்பிலிருந்து சுரந்த அந்தப் பொருளே அசிட்டைல்கோலின். இத்துறை ஆய்வுக்காக 1936ல் அவருக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சர்க்கரை நோயுள்ள அன்பர்கள் கவனிக்க வேண்டும். பல ஆண்டுகள் கட்டுப்படாத சர்க்கரை இந்த நரம்புகளையும் கெடுக்கும். சும்மா இருக்கும்போதே நாடி 100ஐத் தொடலாம். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்தது போலிருக்கலாம். எழுந்தால் தலை சுற்றலாம். மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலி தெரியாமல் போகலாம். எனவே திடீர் வியர்வை, மூச்சுத் திணறல், காரணமில்லாத களைப்பு வந்தால் வாயுத் தொல்லை என்று சோடா குடித்துவிட்டு உட்கார்ந்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நாம் செய்யக் கூடியது எளிது. சாப்பாட்டு நேரத்தில் 20 நிமிடம் கல்லாவை மகனிடமோ கணக்குப்பிள்ளையிடமோ கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்காருங்கள். இலையின் முன் அமர்ந்ததும் மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். மூச்சை விடும்போது வேகஸின் பிடி கூடி நாடி தணியும். மணிக்கட்டில் விரல் வைத்தாலே பலருக்கு அது தெரியும். நிமிடத்துக்கு 6 மூச்சு வீதம் 5 நிமிடம் போதும். இதை நம்பி, டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

வியாபாரம் கெட்டுவிடுமே என்று அஞ்ச வேண்டாம். நாற்பது ஆண்டுகளாக மொத்த வியாபாரத்தில் இருக்கிறேன். "முதலாளி சாப்பிடுகிறார்" என்று சொன்னதற்காகச் சரக்கு வேண்டாமென்று திரும்பிப் போன கடைக்காரர் ஒருவரும் என் நினைவில் இல்லை.