அப்ரூவலுக்கு ஒரு பிளான், கட்டுவதற்கு ஒரு பிளானா?

நெல்லிக்குப்பத்தில் வீடு கட்ட நினைப்பவர்கள் முதலில் தேடிப் போவது மேஸ்திரியை. ஹால் எத்தனை அடி, படிக்கட்டு உள்ளேயா வெளியேயா, பூஜை அறை எந்த மூலையில் என்று எல்லாம் பேசி முடித்து, கடைக்கால் எடுக்க நாளும் குறித்த பிறகுதான் ‘பிளான் அப்ரூவல்’ நினைவுக்கு வரும். யாரோ ஒருவர் மூலம் நகராட்சிக்கு ஒரு வரைபடம் போகும். விதி கேட்கும் அளவுகளெல்லாம் அதில் கச்சிதமாக இருக்கும். மனையிலோ மேஸ்திரி சுண்ணாம்பில் போட்ட கோட்டின்படியே சுவர் எழும்பும்.

இந்தப் பழக்கம் நம் பக்கத்தில் வெகுகாலமாக இருக்கிறது. இதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்று நம்புகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முன்பைவிட இப்போது இதில் ஆபத்து அதிகம்.

2024 ஜூலை 22 அன்று சுயசான்று அடிப்படையில் உடனடிக் கட்டட அனுமதி தரும் முறையைத் தமிழக அரசு தொடங்கியது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடி வரை கட்டப்படும் குடியிருப்புக்கு, ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் அனுமதி கிடைத்துவிடும். அலுவலகப் படியேறி அலைந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ‘சுயசான்று’ என்றால் வரைபடமும் ஆவணங்களும் சரியானவை, விதிப்படியே கட்டுவேன் என்று உரிமையாளரே உறுதிமொழி தருவது. பழைய முறையில் பிழை இருந்தால் மனைக்கு வந்து பார்க்கும் அலுவலர் முன்கூட்டியே சொல்ல வாய்ப்பிருந்தது. இப்போது அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். கொடுத்த தகவல் தவறு என்று பின்னால் தெரிந்தால் அனுமதி ரத்தாகும். அப்போது ‘இன்ஜினியர் போட்டுக் கொடுத்தார், எனக்குத் தெரியாது’ என்ற பதில் எடுபடாது.

அதனால் வரைபடத்தை நீங்களே படிக்க வேண்டும். அது ஒன்றும் கடினமில்லை.

முதலில் மனையை அளந்து பாருங்கள். 30க்கு 40 என்று பத்திரத்தில் இருக்கும் ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். வரைபடம் போடுபவர் அந்த 40 அடியை அப்படியே எடுத்து, முன்னால் 5 அடி, பின்னால் 3 அடி விட்டு, 32 அடி நீளத்துக்கு வீட்டை வரைகிறார். டேப் பிடித்தால் மனை 38½ அடிதான் இருக்கிறது. பக்கத்து மதில் ஓரடி உள்ளே வந்திருக்கலாம், தெருப்பக்கம் கொஞ்சம் போயிருக்கலாம். வீட்டை 32 அடிக்கே கட்டினால் பின்பக்கம் மிஞ்சுவது ஒன்றரை அடி. அனுமதி பெற்ற வரைபடத்தில் 3 அடி. விதிமீறல் அங்கேயே தொடங்கிவிடுகிறது, யாரும் வேண்டுமென்று செய்யாமலே. பத்திரம், பட்டா, நில அளவைத் துறையின் புலப்படம், மனையில் டேப் காட்டும் அளவு ஆகிய நான்கும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே வரையச் சொல்லுங்கள். ஒத்துப்போகாவிட்டால் சர்வேயரிடம் மனு கொடுத்து மனையை அளந்து கல் போடுவது முதல் வேலை. அதற்காகும் செலவு ஒரு சுவரை இடித்துக் கட்டும் செலவில் சிறு பகுதிகூட இல்லை.

அடுத்தது தெருவின் அகலம். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, முன்பக்கம் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைச் சாலையின் அகலம்தான் தீர்மானிக்கிறது. 10 மீட்டருக்கு உட்பட்ட சாலை என்றால் 1.5 மீட்டர், அதாவது ஏறக்குறைய 5 அடி. பக்கவாட்டில் விட வேண்டியது மனையின் அகலத்தையும் கட்டட உயரத்தையும் பொறுத்து மாறும். மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை கட்டலாம் என்ற தளப்பரப்புக் குறியீட்டைச் சொல்லி ஆசை காட்டுவார்கள். 1,200 சதுர அடி மனைக்கு 2,400 என்று கணக்கில் வரும். சுற்றிலும் விட வேண்டிய இடத்தைக் கழித்துப் பார்த்த பிறகே உங்களுக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்று தெரியும்.

இனி நம் ஊருக்கே உரிய ஒன்று. வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம் என்று இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கிறோம். 2015 நவம்பரில் பண்ருட்டி பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடையில் வந்த வெள்ளம் வீடுகளையும் மனிதர்களையும் அடித்துக்கொண்டு போனதை இந்த மாவட்டம் மறக்காது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், பெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணைக் கரையோரம் மூழ்கியது. வரைபடத்தில் ‘வெட்டுத்தோற்றம்’ என்றொரு படம் இருக்கும்; பெரும்பாலானவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத படம். பேஸ்மட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது அதில்தான் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் விசாரித்து, தண்ணீர் எதுவரை நின்றது என்று சுவரில் கை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த அளவைச் சொல்லி, அதற்கு மேலே பேஸ்மட்டத்தை வரையச் சொல்லுங்கள். கழிவுநீர்த் தொட்டி கிணற்றுக்கும் போருக்கும் தள்ளி இருக்கிறதா, 2003 முதல் கட்டாயமான மழைநீர்ச் சேகரிப்பு எந்த இடத்தில் என்பதையும் கேளுங்கள். பழைய வாய்க்கால் தடம் மனைக்குள் வருகிறதா என்பதைப் புலப்படம் சொல்லும். வந்தால் அந்த மனையில் கட்ட நினைக்கவே வேண்டாம்.

மனைப்பிரிவில் வாங்கிய இடமென்றால் அதற்கு நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் உண்டா என்பது அடிப்படைக் கேள்வி. அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதன்பின் 2017இல் வந்த வரன்முறைத் திட்டம், 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்கு வழி தந்தது. அங்கீகாரமோ வரன்முறை ஆணையோ இல்லாத மனைக்குக் கட்டட அனுமதியை எதிர்பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இணையத்தில் விண்ணப்பிக்கும்போது உங்கள் கைப்பேசி எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். புரோக்கர் தன் எண்ணைக் கொடுத்துக் கணக்கு தொடங்கினால், அலுவலகம் கேட்கும் விளக்கமும் கட்டண விவரமும் அவருக்குத்தான் போகும். அரசுக்குக் கட்டியது எவ்வளவு, அவர் வாங்கியது எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியவே வராது. வரைபவர் பதிவு பெற்ற பொறியாளரா என்று எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். கட்டடக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ள, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக் கலை மன்றத்தில் பதிவு இருக்க வேண்டும்.

கட்டிக்கொண்டிருக்கும்போது மனம் மாறும். மகளுக்கு ஓர் அறை கூடுதலாகத் தேவைப்படும். மாற்றிக்கொள்ளலாம், ஆனால் சுவர் எழுவதற்கு முன்பே திருத்திய வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்பது உங்கள் உரிமை. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு இடமிருக்கிறது. பதிலே வராமல் கிடந்தால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். திங்கட்கிழமை கடலூர் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும், 1100 என்ற எண்ணிலும் முறையிடலாம். லஞ்சம் கேட்டால் 1064. ஒப்பந்தக்காரரோ பொறியாளரோ பேசியபடி செய்யாவிட்டால், 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. அதற்கு எழுத்தில் ஒப்பந்தமும் பணம் கொடுத்த ரசீதும் வேண்டும்.

ஏற்கெனவே விதி மீறிக் கட்டிவிட்டு நோட்டீஸ் வாங்கியவர்கள் பயந்துபோய் யாரிடமாவது பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம். 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, கட்டடத்தை இடிப்பதற்கு முன் காரணம் கேட்கும் நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தந்து, உங்கள் தரப்பை நேரில் கேட்க வேண்டும். சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள ஆக்கிரமிப்புக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. அனுமதி ஆணை, முத்திரையிட்ட வரைபடம், பட்டா, வரி ரசீது ஆகியவற்றின் நகல்களோடு அந்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் கடலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம்.