மைஎஸ்கியூஎல் கழற்றிவிட்ட கேஷ்

ஒருமுறை தேடிக் கொடுத்த விடையை எடுத்து வைத்துக்கொண்டு, அதே கேள்வி மறுபடி வந்தால் தேடாமலே நீட்டுவது. மைஎஸ்கியூஎல் தரவுத்தள மென்பொருளில் இருந்த 'குவெரி கேஷ்' செய்த வேலை இவ்வளவுதான். 2000-களின் தொடக்கத்தில், 4.0 பதிப்போடு வந்தது. ஒற்றைக் கோர் பிராசஸர்கள் பரவலாக இருந்த காலம். இணையதளங்களிலும் எழுதுவதைவிடப் படிப்பதே அதிகம். கேஷ் நன்றாகவே உழைத்தது.

ஆனால் அதன் விதிகள் கறாரானவை. கேள்வி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். 'செலக்ட்' கட்டளையை ஒருவர் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் இன்னொருவர் சிறிய எழுத்திலும் அடித்தால் அவை வேறு வேறு கேள்விகள். ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்தாலும் அதே கதி. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அட்டவணையில் ஒரே ஒரு வரி மாறினால் போதும், அந்த அட்டவணையைத் தொட்ட விடைகள் மொத்தமும் அழியும். மளிகைத் தளம் ஒன்றில் சோப்பின் விலையைத் திருத்தினால் அரிசி, பருப்பு பற்றிய விடைகளும் சேர்ந்து போகும். பழைய விலையைக் காட்டிவிடக் கூடாதே என்ற எச்சரிக்கைதான். அதைக் குறை சொல்ல முடியாது.

உண்மையான வில்லன் பூட்டு. கேஷில் தேடவும், புதிதாக வைக்கவும், அழிக்கவும் ஒரே பூட்டைத்தான் பிடிக்க வேண்டும். கோர்கள் பெருகியபோது அத்தனையும் ஒற்றை டிக்கெட் கவுன்ட்டர் முன் நிற்பதுபோல வரிசை கட்டின. வேகத்துக்காக வைத்த வசதியை அணைத்த பிறகு சர்வர் வேகமெடுத்த வேடிக்கையும் நடந்தது. கேஷின் அளவைக் கூட்டினாலோ, அழிக்கவேண்டிய சுமைதான் கூடியது.

அதற்காக ஒரே நாளில் பிடுங்கிவிட முடியாது. தரவு அரிதாகவே மாறும் தளங்களுக்கு அது லாபம்தான். 2013-ல் வந்த 5.6 பதிப்பில் முதலில் அணைத்து வைத்தார்கள், வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம். 2017-ல் 5.7.20 பதிப்பில், கைவிடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். 2018-ல் வெளியான 8.0-ல் அது இல்லவே இல்லை. மைஎஸ்கியூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபி மட்டும் நீக்காமல், அணைத்த நிலையில் வைத்திருக்கிறது. மைஎஸ்கியூஎல் செய்ததே சரி என்பேன். ஸ்விட்ச் இருக்கும்வரை, 'கேஷ் என்றால் வேகம்' என்று நம்பி யாராவது அதைப் போட்டுக்கொண்டேதான் இருப்பார்கள்.

பழைய பதிப்பிலிருந்து 8.0-க்கு மாறுகிறவர்கள் கான்ஃபிக் கோப்பைத் திறந்து பாருங்கள். குவெரி கேஷின் அளவைச் சொல்லும் வரி அதில் மிச்சமிருந்தால், தெரியாத மாறி என்று லாக்கில் எழுதிவிட்டு சர்வர் நின்றுவிடும். அந்த வரியை நீக்கிய பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.