சொல் தெரிந்தால் மட்டும் போதுமா?



சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் நிகழ்ச்சிக்குப் பெரு நாட்டு மூதாட்டி ஒருவர் வந்திருந்தார். மனப்பாடம் செய்து வைத்திருந்த ஸ்பானிய வாக்கியத்தைப் பெருமையோடு சொன்னேன்: "கோமோ எஸ்தாஸ்?" அவர் புன்னகையுடன், "முய் பியென், இ உஸ்தெத்?" என்றார். 'மிக நலம், நீங்கள்?' என்பது அதன் பொருள்.

பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் மெல்லச் சொன்ன பிறகுதான் புரிந்தது. நான் கேட்டது, "நீ எப்படி இருக்கிறாய்?" என்று! என் பாட்டி வயதுள்ளவரை நான் ஒருமையில் அழைக்க, அவரோ எனக்கு மரியாதை கொடுத்துப் பேசியிருக்கிறார். வெட்கிப் போனேன்.

நம்மைப் போலவே ஸ்பானியரும் 'நீ', 'நீங்கள்' பார்த்துத்தான் பேசுகிறார்கள். 'து' என்றால் நீ. நண்பர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. 'உஸ்தெத்' என்றால் நீங்கள். பெரியவர்களுக்கும் அறிமுகமில்லாதவர்களுக்கும் உரியது. முற்காலத்தில் உயர்ந்தோரை விளிக்கப் பயன்பட்ட, 'தங்கள் கருணை' என்று பொருள்படும் தொடரே தேய்ந்து 'உஸ்தெத்' ஆனது.

ஆனால் ஊருக்கு ஊர் வழக்கு மாறும். ஸ்பெயினில் புதியவர்களிடமும் சீக்கிரமே 'து' வந்துவிடும். கொலம்பியாவின் பொகோத்தா நகரிலோ நண்பர்களுக்குள்ளும் 'உஸ்தெத்' புழங்குகிறது. அர்ஜென்டினாவில் 'து' என்பதற்குப் பதிலாக 'வோஸ்' என்பார்கள்.

வேறு சில சொற்களில் இன்னும் கவனம் தேவை. 'கோஹேர்' என்பது ஸ்பெயினில் 'எடுத்தல்'. பேருந்து ஏறுவதற்கும் அதையே சொல்வார்கள். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அதுவே சபையில் சொல்லக் கூசும் சொல். அங்கே 'தொமார்' என்பதே பாதுகாப்பு. 'எம்பராசாதா' என்பதற்கு, அதைப் போல ஒலிக்கும் ஆங்கிலச் சொல்லை வைத்து, வெட்கம் என்று பொருள் கொண்டுவிடாதீர்கள். அதன் பொருள் கர்ப்பிணி!

'அஓரா' என்றால் இப்பொழுது. மெக்சிகோவில் அதைச் செல்லமாக்கி 'அஓரித்தா' என்பார்கள். அது இந்த நொடியாகவும் இருக்கலாம், மாலையாகவும் இருக்கலாம். நம் வீட்டில் "இதோ வந்துட்டேன்" என்பதில்லையா? அதுபோலத்தான்.

மனத்துக்கு இதமான சொற்களும் உண்டு. யாராவது சாப்பிட்டுக் கொண்டிருந்தால், முன்பின் தெரியாதவர்கூட "புவென் ப்ரொவேச்சோ" என்று சொல்லிக் கடந்து போவார். உண்டது உடம்பில் ஒட்டட்டும் என்ற வாழ்த்து அது. 'ஓஹாலா' என்றால் 'அப்படியே நடக்கட்டும்'. 'இறைவன் நாடினால்' என்ற அரபுத் தொடரிலிருந்து வந்தது. 711ஆம் ஆண்டு தொடங்கி 1492 வரை ஸ்பெயினின் பகுதிகளில் நிலவிய முஸ்லிம் ஆட்சி, அந்த மொழியில் விட்டுச் சென்ற சொற்களில் அதுவும் ஒன்று. இன்று எல்லா மதத்தவரும் அதைச் சொல்கிறார்கள்.

ஆகவே நேயர்களே, வேற்றுமொழிச் சொல் ஒன்றைக் கற்கும்போது, அதை யாரிடம், எங்கே, எப்போது சொல்வது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அகராதி பொருளைத் தரும். மரியாதையை நாம்தான் தர வேண்டும்.

அன்று விடைபெறும்போது அந்த மூதாட்டி எனக்கு நன்றி சொன்னார். இம்முறை நான் தவறவில்லை. "கிராசியாஸ் அ உஸ்தெத்" என்றேன். நன்றி உங்களுக்குத்தான் என்று பொருள். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்தப் பிடிக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.