நீரிழிவும் நுண் ஆர்.என்.ஏ.யும்

நம் சங்க அங்கத்தினர்களின் குடும்பங்களில் நீரிழிவு நோய் இல்லாத குடும்பம் அரிது. தறிக்குழியில் நாள் முழுதும் அமர்ந்திருப்போரும், வயல் வரப்பில் நடந்து உழைப்போரும் இதற்கு விலக்கல்லர். நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்கு இந்நோய் இருப்பதாக 2023-ஆம் ஆண்டில் வெளியான நாடு தழுவிய ஆய்வு கணக்கிட்டது. இனிப்பு உண்டதால் மட்டுமே வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். நோயின் வேர் அதனினும் ஆழமானது.

வயிற்றின் பின்புறமுள்ள கணையத்தில் சிறு சிறு திட்டுகள் உள்ளன. அவற்றிலுள்ள பீட்டா உயிரணுக்களே இன்சுலினைச் சுரக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது சுரப்பும் ஏறவேண்டும், இறங்கும்போது அடங்கவேண்டும். இந்த அளவை அறிந்து நடத்துவது எது?

நெசவாளர்க்குத் தெரிந்ததொன்றைச் சொல்வோம். மாதிரிப் புத்தகம் அலுவலகத்திலேயே இருக்கும். அதனின்று பிரதி எடுத்த சீட்டுதான் தறிக்குச் செல்லும். அவ்வாறே உயிரணுவில் டி.என்.ஏ. என்பது மூலப் புத்தகம், தூது ஆர்.என்.ஏ. என்பது சீட்டு, நெய்து முடிந்த துணியே புரதம். சில சீட்டுகளை வழியிலேயே மறித்து நிறுத்தும் மேற்பார்வையாளரும் உண்டு. அவரே நுண் ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 22 எழுத்துகளே கொண்ட சிறு இழை அது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவொன்றில் இதனை முதலில் கண்ட செய்தி 1993-இல் வெளியாயிற்று. அதற்காக விக்டர் அம்புரோஸ், கேரி ரவ்கன் ஆகிய அமெரிக்க விஞ்ஞானிகள் 2024-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றனர்.

கணையத் திட்டுகளில் மிகுதியாகக் காணப்படுவது 375 என்னும் எண்ணுடைய நுண் ஆர்.என்.ஏ. இது மிகுந்தால் இன்சுலின் வெளிப்படுவது குறைகிறது என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படியாயின் இதனை அறவே நீக்கிவிடலாமே என்று தோன்றும். எலிகளில் அவ்வாறு நீக்கியபோது பீட்டா உயிரணுக்களே குறைந்து, சர்க்கரை ஏறியது என்பது 2009-இல் தெரியவந்தது.

பேச்சிப்பாறை நீரில் பயிர் செய்யும் நமக்கு இது விளங்காததன்று. மடைப்பலகையை இறுக அடைத்தால் பயிர் கருகும். பலகையையே பிடுங்கி எறிந்தால் வரப்பு உடையும். வேண்டுவது அளவு.

நம் மாநிலத்திலும் இத்துறையில் ஆராய்ச்சி நடந்துள்ளது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளின் இரத்த வெள்ளணுக்களில் 146ஏ என்னும் நுண் ஆர்.என்.ஏ. குறைந்திருக்கக் கண்டனர். உடலின் அழற்சியை அடக்குவது அது. கணையத்தை அறுத்துப் பார்க்க இயலாது. இரத்தத்தை எளிதில் சோதிக்கலாம். ஆகவே இத்தகைய அடையாளங்களால் நோயை முன்கூட்டியே அறியக்கூடுமா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர்.

ஆயினும் அன்பர்கள் ஒன்றை மறத்தலாகாது. நுண் ஆர்.என்.ஏ.யைக் கொண்டு நீரிழிவைத் தீர்க்கும் மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அப்படியொன்று உண்டென்று எவரேனும் விற்க வந்தால் நம்பிப் பொருளிழக்க வேண்டாம். மருத்துவர் தந்த மாத்திரையையோ இன்சுலினையோ தாமாக நிறுத்தவும் வேண்டாம். பீட்டா உயிரணுக்கள் ஓசையின்றி நலிகின்றன, வலி தோன்றுவதில்லை. ஆதலின் முப்பது வயது கடந்தோர், குறிப்பாகப் பெற்றோர்க்கு நோயிருந்தோர், அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இரத்தத்தைச் சோதித்துக்கொள்க. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின் உடனே மருத்துவரைக் காண்க. இழை அறுந்த பின் முடிவதினும், அறுமுன் கவனிப்பதே நல்ல நெசவாளர்க்கு அழகு.