தனித் தொகுதி யாருக்குத் தனி?

நாகப்பட்டினம் நாடாளுமன்றத் தொகுதி தனித் தொகுதி. அதில் அடங்கிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் கீழ்வேளூரும் திருத்துறைப்பூண்டியும் தனித் தொகுதிகளே. ‘அது அவங்க தொகுதி’ என்று டீக்கடையில் பேசுவதைக் கேட்டிருப்போம். அது பாதி உண்மைதான். வேட்பாளர் மட்டுமே பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும். வாக்களிப்பது ஊரும் சேரியும் சேர்ந்தே. சேரி வாக்கை மட்டும் நம்பி யாரும் வெல்ல முடியாது.

தலித்துகளே தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதியைத்தான் அம்பேத்கர் கேட்டார். 1932 பூனா ஒப்பந்தத்தில் அது கைவிடப்பட்டு, பொது வாக்கில் நிரப்பும் ஒதுக்கீட்டு இடங்கள் வந்தன. சுதந்திரத்துக்குப் பின் சில காலம் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. 1957இல் நாகையும் அப்படித்தான். 1961இல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள்.

பிரதிநிதி வருவதற்கு முன்பே நம் தாத்தா பாட்டிகள் போராடத் தொடங்கிவிட்டார்கள். சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்ற மன்னார்குடி ஒப்பந்தம் 1944இல் ஏற்பட்டது. சொத்தோ வரியோ படிப்போ இருந்தவருக்கே வாக்கு என்றிருந்த காலம் அது. கையெழுத்து வாங்கித் தந்தது செங்கொடிச் சங்கம். எல்லோருக்கும் வாக்கு வந்த முதல் பொதுத் தேர்தலை அடுத்து, அதே 1952இல் தஞ்சை பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்தன. 1969இல் நியாயக் கூலிச் சட்டமும், 1971இல் குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டமும் வந்தன.

வயலில் சங்கம் வலுவாக இருந்ததால்தான் நாகையின் பிரதிநிதிகளும் அங்கிருந்து வந்தார்கள். 1977இல் வென்ற இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் எஸ்.ஜி. முருகையன், பதவியில் இருக்கும்போதே 1979 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். இடைத்தேர்தலில் அதே கட்சியின் கே. முருகையன் வென்றார். பின்னர் 1989, 1996, 1998, 2019 என நான்கு முறை எம். செல்வராசு வென்றார். இடையில் தி.மு.க., அ.தி.மு.க., காங்கிரஸ் கட்சிகளும் வென்றிருக்கின்றன.

இந்த வரலாறு நமக்குச் சொல்வது ஒன்றுதான். ஒதுக்கீடு இல்லாவிட்டால் தலித் வேட்பாளருக்குப் பெரிய கட்சிகள் இடம் தருவது அரிது. தமிழகத்தின் 39 நாடாளுமன்றத் தொகுதிகளில் தனித் தொகுதி ஏழுதான். அதனால் ஒதுக்கீட்டைக் காப்பது நம் கடமை. ஆனால் நாற்காலி கிடைத்தாலே குரல் கிடைத்துவிடாது. கீழே அமைப்பு இல்லையென்றால், வென்றவர் கட்சித் தலைமைக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும்தான் பதில் சொல்வார். நம் தெருவுக்குச் சொல்லமாட்டார்.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சாதியையும் சின்னத்தையும் மட்டும் பார்த்து அனுப்பிவிட வேண்டாம். மனைப்பட்டா இல்லாத வீடுகள் நம் தெருவில் எத்தனை? சுடுகாட்டுக்குப் பாதை இருக்கிறதா? நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் கூலி வேலை எத்தனை நாள் கிடைக்கிறது? படிக்கும் பிள்ளைகள் இவற்றைக் கணக்கெடுத்து ஒரு நோட்டில் எழுதட்டும். கிராம சபையில் அதைப் படித்துத் தீர்மானமாக்கச் சொல்லுங்கள். வேட்பாளர் யாராக இருந்தாலும், பட்டியல் சாதியினரானாலும் அல்லாதவரானாலும், அதற்குப் பதில் சொல்லிவிட்டு ஓட்டுக் கேட்கட்டும்.